ஆக்சலாட்டலுக்குச் சாப்பாட்டு நேரம்

இன்னிக்கு நம்ம விருந்தாளி, எப்பவும் சிரிச்ச முகமாவே இருக்குற ஆக்சலாட்டல். மைன்கிராஃப்ட் ஆடுறவங்களுக்கு 2021-லயே பழக்கம் ஆகியிருக்கும். தலைக்கு ரெண்டு பக்கமும் இறகு மாதிரி செவுள், வாழ்நாள் முழுக்கத் தண்ணிக்குள்ளயே வாசம். சாலமாண்டர் குடும்பம்.

இதை வளர்க்கிறவங்க போடுற வீடியோக்கள்ல நிறைய, சாப்பாட்டு நேரத்துல எடுத்ததுதான். ஏன்னா அப்போ இது பண்ற கூத்து அப்படி. இடுக்கில ஒரு மண்புழுவை மூக்குக்கு நேரா நீட்டுவாங்க. இது பக்கத்துல இருக்குற வெறும் தண்ணியை லபக்குன்னு கவ்வும். ஏதோ சாப்பிட்டு முடிச்ச மாதிரி அசையாம நிக்கும். புழு அங்கயே நெளிஞ்சிட்டு இருக்கும். அடுத்த தடவை இடுக்கியைக் கவ்வும். அதுக்கடுத்த தடவை, கூட இருக்குறவனோட காலை! ஒருவழியா புழு மாட்டினாலும் பாதி வெளியே நூடுல்ஸ் மாதிரி தொங்கும். முகத்துல மட்டும் அதே சிரிப்பு.

சரியான மக்குன்னு நினைச்சிடாதீங்க. இதுக்குக் கண் பார்வை ரொம்ப மங்கல். வாசனையும் தண்ணியோட அசைவும்தான் வழிகாட்டி. அசைவை உணர்ற உறுப்புகள் உடம்போட வரிசையா இருக்கு. பக்கத்துல ஏதாவது அசைஞ்சா, சட்டுன்னு வாயைத் திறந்து தொண்டையைக் கீழ இறக்கும். உள்ள அழுத்தம் குறைஞ்சு, தண்ணியோட இரையும் உறிஞ்சப்படும். வேக்குவம் கிளீனர் மாதிரிதான். பல் இருக்கு, ஆனா பிடிச்சுக்கத்தான். மெல்லாது, அப்படியே முழுங்கிடும்.

இதோட சொந்த ஊர் மெக்சிகோ சிட்டியோட தெற்குப் பகுதியில இருக்குற சோச்சிமில்கோ. அந்தக் கலங்கின கால்வாய்த் தண்ணியில பக்கத்துல அசையுறது பெரும்பாலும் புழு, பூச்சி, சின்ன மீன். முதல்ல கவ்விட்டு அப்புறம் யோசிக்கிறதுதான் அங்க லாபம். நம்ம பாஷையில சொன்னா, கோடு சரிதான், ஓடுற சர்வர் மாறிடுச்சு.

கால் போனா திரும்ப வளர்ந்துடும், அதுல கவலை இல்ல. ஆனா தொட்டியில கூழாங்கல் போட்டா, இரையோட அதையும் உறிஞ்சிடும். குடல் அடைச்சு உயிரே போகலாம். அதனால அடியை வெறுமனே விடுங்க, இல்லன்னா நைஸ் மணல். தண்ணி 16-லிருந்து 18 டிகிரி இருக்கணும். நம்ம ஊர் வெயிலுக்கு சில்லர் இல்லாம ஆசைப்படாதீங்க.

இப்போ சிரிக்க முடியாத பகுதி. சோச்சிமில்கோவுல மக்களோட சாப்பாட்டுக்குன்னு கெண்டையும் திலாப்பியாவும் விட்டாங்க. அதுங்க ஆக்சலாட்டலோட முட்டையையும் குட்டியையும் தின்னுச்சு. கூடவே நகரத்தோட கழிவு நீரும் சேர்ந்துச்சு. 1998-ல சதுர கிலோமீட்டருக்குச் சுமார் 6,000 இருந்த இடத்துல, 2014 கணக்கெடுப்புல வெறும் 36. உலகம் முழுக்க தொட்டியிலயும் ஆய்வகத்துலயும் ஏராளமா இருக்கு. சொந்த ஊர்லதான் காணோம்.

அங்க இருக்குற பல்கலைக்கழக ஆய்வாளர்களும் சினாம்பா விவசாயிகளும் சேர்ந்து இப்போ ஒரு வேலை பண்றாங்க. சினாம்பான்னா கால்வாய்களுக்கு நடுவுல இருக்குற தீவு மாதிரியான வயல். அதை ஒட்டின சின்ன வாய்க்கால்கள்ல வடிகட்டித் தடுப்பு வைக்கிறாங்க. தண்ணி வரும், அந்த மீனுங்க வராது. உள்ள ஆக்சலாட்டல் நிம்மதியா குறி தப்பித் தப்பிச் சாப்பிடலாம்.

அடுத்த எபிசோட்ல பார்ப்போம். அதுவரைக்கும் டாட்டா!