போனில் திறக்கிற சான்றிதழ் கம்ப்யூட்டரில் ஏன் திறக்கவில்லை?

(சங்கரன்கோவிலில் பொதுமக்களுக்கான மாலை நேரக் கூட்டம் ஒன்றில் பேசியதன் எழுத்து வடிவம்)

அண்ணாச்சிமார், அக்காமார், பின்னால நிற்கிற தம்பி, தங்கச்சிமார் எல்லாரும் முன்னால வந்து உட்காருங்க. போனைக் கையிலேயே வச்சுக்கோங்க, இன்னைக்கு அதுக்கு வேலை இருக்கு.

ஒரு சம்பவத்திலிருந்து ஆரம்பிக்கிறேன். ஒரு பிரவுசிங் சென்டர், சாயங்காலம் ஏழு மணி. ஒரு தங்கச்சி வந்திருந்தது. அரசுத் தேர்வு ஒன்றுக்குச் சான்றிதழ் பதிவேற்ற அன்னைக்குத்தான் கடைசி நாள். சாதிச் சான்றிதழ் போனில் இருக்கிறது, தொட்டவுடன் அழகாகத் திறக்கிறது. அதைத் தன்னுடைய மெயிலுக்கே அனுப்பி, கடைக் கம்ப்யூட்டரில் இறக்கினால் திறக்கவில்லை. 'இதை எதில் திறக்க வேண்டும்?' என்று கம்ப்யூட்டர் திருப்பிக் கேட்கிறது. கையில் கிடைத்த ஏதோ ஒரு மென்பொருளை அழுத்தியதும் திரை முழுக்கக் கோழி கிளறின மாதிரி எழுத்து. கடையில் இருந்தவர், "பைல் கரப்ட் ஆயிருச்சும்மா, புதுசா அப்ளை பண்ணித்தான் வாங்கணும்"னு சொல்லிட்டார். மறுபடி விண்ணப்பம், மறுபடி விசாரணை. ஆனால் நேரமோ நள்ளிரவு வரைக்கும்தான். அந்தப் பிள்ளைக்குக் கண்ணு கலங்கிப் போச்சு.

பைல் கெடவே இல்லை. போனில் அந்தத் தங்கச்சி பெயரை மாற்றி வைத்திருந்தது. பழைய பெயர் நீளமான எண்ணாக இருந்ததால், அதை அழித்துவிட்டு 'சாதிச்சான்று' என்று வைத்துவிட்டது. அப்போது கடைசியில் இருந்த புள்ளியும் பி.டி.எஃப். என்ற மூன்று எழுத்தும் சேர்ந்து அழிந்துவிட்டன. கம்ப்யூட்டரில் அந்தப் பெயர் மேல் ஒரு தட்டு, எஃப்2 விசை, கடைசியில் புள்ளி வைத்துப் பி.டி.எஃப். என்று ஆங்கிலத்தில் சேர்த்தோம். திறந்தது. பத்து நொடி வேலை.

நமக்கு இன்ஷியல் பேருக்கு முன்னால. கம்ப்யூட்டர் பைலுக்கு இன்ஷியல் பேருக்குப் பின்னால. அந்த இன்ஷியலைப் பார்த்துத்தான் விண்டோஸ் இதை எதில் திறக்கலாம் என்று முடிவு செய்கிறது. அனுப்பும்போது கூடவே வரும் குறிப்பை வைத்தோ, உள்ளே இருப்பதைப் பார்த்தோ போனில் சில செயலிகள் சமாளித்துத் திறந்துவிடும். அதனால்தான் 'போன்ல தொறக்குது, கம்ப்யூட்டர்ல தொறக்கலை' என்கிற குழப்பம். இதில் இன்னொரு சிக்கல், பல கம்ப்யூட்டர்களில் இந்த இன்ஷியல் கண்ணுக்கே தெரியாது, விண்டோஸ் அதை மறைத்து வைத்திருக்கும். பைல்கள் இருக்கும் சன்னலில் 'வியூ' என்பதைத் தொட்டு, 'ஃபைல் நேம் எக்ஸ்டென்ஷன்ஸ்' என்பதில் டிக் போடுங்க. புது விண்டோஸில் வியூ, அதுக்குள்ள ஷோ, அதுக்குள்ள இது இருக்கும். எந்தக் கம்ப்யூட்டரில் உட்கார்ந்தாலும் நான் முதலில் செய்கிற வேலை இதுதான். ஏன் என்று பிறகு சொல்றேன்.

ஆக, ஒரு பைல் திறக்கவில்லை என்றால் முதல் கேள்வி, போனில் திறக்கிறதா? திறந்தால் பைல் நல்லாத்தான் இருக்கு, கோளாறு வழியிலோ கம்ப்யூட்டரிலோ இருக்கு. புதுசாக விண்ணப்பிக்க ஓடாதீங்க. இரண்டு இடத்திலும் திறக்கவில்லை என்றால் அளவைப் பாருங்க. பைல் மேல் வலது கிளிக், பிராப்பர்ட்டீஸ். சுழி என்று காட்டினால் உள்ளே ஒன்றுமே இல்லை. சான்றிதழ் வழக்கமான அளவில் இல்லாமல் இரண்டு, மூன்று கேபி மட்டும் என்றால், அது சான்றிதழே அல்லாமல் இருக்கலாம். இணையதளத்தில் ரொம்ப நேரம் சும்மா இருந்துவிட்டுப் பதிவிறக்கத்தை அழுத்தினால், 'மறுபடி உள்நுழையவும்' என்கிற பக்கமே சான்றிதழ் பெயரில் இறங்கி உட்கார்ந்திருக்கும். அதே கணக்கில் திரும்ப உள்ளே போய் இறக்கினால் போதும், பழைய விண்ணப்பம் அங்கேயேதான் இருக்கும். பெயரின் கடைசியில் 'சி.ஆர். டவுன்லோடு' என்று இருந்தால் பதிவிறக்கம் பாதியில் நின்றுவிட்டது என்று அர்த்தம்.

அக்ரோபேட்டில் சில நேரம் ஒரு செய்தி வரும், 'மின்னஞ்சல் இணைப்பாக அனுப்பும்போது சரியாக மாற்றப்படாமல் இருக்கலாம்' என்று. அது என்ன மாற்றம்? மெயில் ஆரம்பத்தில் ஆங்கில எழுத்தை மட்டும் சுமக்கப் பிறந்தது. படமோ பாட்டோ அதில் போகாது. எதையும் எழுத்தாக மாற்றி அனுப்பி, அந்தப் பக்கம் திரும்பப் பழையபடி ஆக்கும் முறையை உருவாக்கியவர்களில் ஒருவர் நதானியேல் போரன்ஸ்டீன் என்ற அமெரிக்கர். 1992 மார்ச் 11 அன்று தன்னுடைய பாட்டுக் குழுவின் படத்தையும் பாட்டையும் மெயிலில் இணைத்து அனுப்பினார். இன்றைக்கும் நம்முடைய பட்டா நகல் அப்படித்தான் எழுத்தாக மாறிப் போய்த் திரும்ப உருவாகிறது. நடுவில் ஒரு துண்டு குறைந்தால் சரிசெய்ய முடியாது. அனுப்பினவரையே மறுபடி அனுப்பச் சொல்லணும், வேற வைத்தியம் இல்லை.

அடுத்தது கடவுச்சொல். இ-ஆதார் பி.டி.எஃப். திறக்கும்போது பாஸ்வேர்டு கேட்கும். ஓ.டி.பி.யைப் போட்டுப் பார்த்துவிட்டு 'பைல் சரியில்லை' என்பவர்கள் நிறைய. அது ஓ.டி.பி. இல்லை. ஆதாரில் உள்ள உங்கள் பெயரின் முதல் நான்கு ஆங்கில எழுத்து, பெரிய எழுத்தில், அதோடு பிறந்த வருடம். முருகன், 1985 என்றால் எம், யு, ஆர், யு, அப்புறம் 1985. இதில் நம்ம ஊர்க்காரர்கள் மாட்டுகிற இடம் இன்ஷியல். ஆதாரில் 'பி. குமார்' என்று இருந்தால் அந்த பி-யும் புள்ளியும் கணக்கில் சேரும். பி, புள்ளி, கே, யு, பிறகு வருடம். இடைவெளி மட்டும் கிடையாது. பெயரே மூன்றெழுத்து என்றால் மூன்றோடு வருடம். இ-பான் அட்டைக்குப் பிறந்த தேதி, மாதம், வருடம் என எட்டு இலக்கம். வங்கிக் கணக்கு விவரத்துக்கு ஒவ்வொரு வங்கிக்கும் ஒரு முறை, வந்த மெயிலிலேயே எழுதியிருக்கும். அதைப் படிக்காமல்தான் நாம் நேராக இணைப்பைத் தொடுகிறோம்.

பாஸ்வேர்டு தெரியவில்லை என்று 'இலவசமாகத் திறந்து தருகிறோம்' என்கிற ஏதோ ஒரு இணையதளத்தில் ஆதாரைப் போடாதீங்க. முன்பின் தெரியாதவரிடம் ஆதார் நகலைத் தூக்கிக் கொடுப்பதுதான் அது.

இப்போ கேள்விக்குறி விஷயம். இதைக் கொஞ்சம் நிதானமாகச் சொல்லணும், ஏன்னா சரியான சான்றிதழைப் போலி என்று நினைத்து அலைகிறவர்கள் இதில்தான் அதிகம். பைல் திறந்துவிட்டது, ஆனால் கையெழுத்து இருக்கும் இடத்தில் மஞ்சள் கேள்விக்குறி, 'வேலிடிட்டி அன்னோன்' என்று ஆங்கிலத்தில். போனில் இது தெரிந்திருக்காது, ஏனென்றால் பெரும்பாலான போன் செயலிகள் கையெழுத்தைச் சோதிப்பதே இல்லை. கம்ப்யூட்டரில் அக்ரோபேட் ரீடர் சோதிக்கிறது. அது சொல்வது 'போலி' என்பதல்ல, 'கையெழுத்துப் போட்டவரை எனக்கு இன்னும் அறிமுகமில்லை' என்பது. ஊருக்குப் புதுசாக வந்த தபால்காரருக்கு யாரையும் தெரியாது இல்லையா, அந்த மாதிரி. அந்தக் குறி மேல் வலது கிளிக், 'வேலிடேட் சிக்னேச்சர்', பிறகு 'சிக்னேச்சர் பிராப்பர்ட்டீஸ்', அதில் சான்றிதழைக் காட்டும் பொத்தான். யார் பெயரில் இருக்கிறது என்று வாசித்துப் பாருங்க. சரியாக இருந்தால் 'ட்ரஸ்ட்' பகுதியில் போய் நம்பிக்கைப் பட்டியலில் சேர்த்துவிட்டு, மறுபடி சோதித்தால் பச்சை டிக் வரும். இதை உங்கள் சொந்தக் கம்ப்யூட்டரில் செய்யுங்க.

இந்தக் கேள்விக்குறி பிடிக்காமல் சிலர் ஸ்கிரீன்ஷாட் எடுத்தோ, 'பிரிண்ட்' கொடுத்து வேறு பி.டி.எஃப். ஆகச் சேமித்தோ அனுப்புகிறார்கள். குறி போகாது, ஆனால் கையெழுத்து போய்விடும்! மின்கையொப்பம் பைலுக்குள் உயிராக இருப்பது. 2000-ஆம் ஆண்டின் தகவல் தொழில்நுட்பச் சட்டம் மதிப்பது அதைத்தான், மேலே தெரிகிற படத்தை இல்லை. அதனால் முதலில் இறக்கிய அசல் பைலைத் தொடாமல் வைத்துக்கொண்டு, நகலில் மட்டும் எதையும் செய்யுங்க. அச்சிட்ட தாளை யாராவது சந்தேகப்பட்டால், சான்றிதழ் எண்ணை வைத்து அரசு இணையதளத்தில் சரிபார்க்கலாம் என்று சொல்லுங்க.

திறக்கிறது, ஆனால் தமிழ் வாசிக்க முடியவில்லை என்பது இன்னொரு வகை. சங்கத்திலிருந்தோ அலுவலகத்திலிருந்தோ வேர்டு பைலில் தமிழ்க் கடிதம் வரும். திறந்தால் ஆங்கில எழுத்தும் அரைப்புள்ளியும் கலந்து கிடக்கும். அது வானவில், பாமினி போன்ற பழைய எழுத்துருவில் அடித்தது. அந்த எழுத்துரு இல்லாத கம்ப்யூட்டரில் அப்படித்தான் தெரியும். 2010-லேயே தமிழக அரசு யூனிகோடு என்கிற ஒருங்குறியை ஏற்றுக்கொண்டது, ஆனாலும் பழைய கம்ப்யூட்டரும் பழகிய கையும் சீக்கிரம் மாறுவதில்லை. அனுப்பினவரிடம் "பி.டி.எஃப்.ஆ மாத்தி அனுப்புங்க"னு ஒரு வார்த்தை சொன்னால் போதும், எழுத்துரு கூடவே வந்துவிடும்.

துபாயிலிருந்தும் மஸ்கட்டிலிருந்தும் மகன் ஐபோனில் எடுத்து அனுப்புகிற பாஸ்போர்ட் படம் சில நேரம் விண்டோஸில் திறக்காது. 2017 முதல் ஐபோன் ஹெய்க் என்ற வடிவில் படம் சேமிக்கிறது. செட்டிங்ஸில் கேமரா, பார்மட்ஸ், 'மோஸ்ட் கம்பாட்டிபிள்' என்று மாற்றிவிட்டு மறுபடி எடுத்து அனுப்பச் சொல்லுங்க, ஜேபெக்காக வரும். ஜிமெயிலில் 25 எம்பிக்கு மேல் போனால் இணைப்பாகப் போகாது, டிரைவ் சுட்டியாகப் போகும். 'அனுமதி இல்லை' என்று வந்தால் அனுமதி கொடுக்க வேண்டியது அனுப்பினவர்.

இன்ஷியலைக் காட்டும் டிக் பற்றிப் பிறகு சொல்றேன்னு சொன்னேன். 2000 மே 4 அன்று 'ஐ லவ் யூ' என்ற தலைப்பில் உலகம் முழுக்க மெயில் போனது. இணைப்பின் பெயர் காதல் கடிதம், டெக்ஸ்ட் பைல் மாதிரி தெரிந்தது. உண்மையான இன்ஷியல் அதற்குப் பின்னால் மறைந்திருந்தது, வி.பி.எஸ்., அதாவது ஓடக்கூடிய நிரல். திறந்தவர்களின் கம்ப்யூட்டரில் பைல்களை அழித்து, முகவரிப் பட்டியலில் உள்ள எல்லாருக்கும் தானே மெயில் அனுப்பியது. இன்றைக்கு அதே வித்தை வாட்ஸ்அப்பில் வருது. 'திருமண அழைப்பிதழ்', 'போக்குவரத்து அபராதம்', கடைசியில் ஏ.பி.கே. அழைப்பிதழ் பி.டி.எஃப்.ஆகவோ படமாகவோ வரும், ஏ.பி.கே. ஆக வராது. அது செயலி. நிறுவினால் உங்கள் குறுஞ்செய்தியையும் ஓ.டி.பி.யையும் இன்னொருவன் படிக்கலாம். இந்த மாதிரி பைல் திறக்காமல் இருப்பது நல்லது. தெரியாமல் நிறுவிப் பணம் போயிருந்தால் உடனே 1930-க்குப் போன் பண்ணுங்க. வெட்கப்பட்டுக்கொண்டு மறுநாள் வரை காத்திருக்காதீங்க, முதல் சில மணி நேரம்தான் பணத்தை நிறுத்தி வைக்க நல்ல வாய்ப்பு.

கடைக் கம்ப்யூட்டரில் வேலை முடிந்தால் மெயிலிலிருந்து வெளியே வாங்க. டவுன்லோட்ஸில் உங்கள் பைலை அழித்து, குப்பைத் தொட்டியையும் காலி பண்ணுங்க. நான் உட்காரும் கம்ப்யூட்டர்களில் முன்பு வந்தவரின் ஆதார் அப்படியே கிடப்பதை அடிக்கடி பார்க்கிறேன்.

அங்கே ஒரு பெரியவர் கை தூக்குறார். என்ன அண்ணாச்சி? வில்லங்கச் சான்று மெயிலில் வந்தது, திறக்க மாட்டேங்குதா? போனில் திறக்குதா? அதுலயும் இல்லையா? சரி, கொண்டு வாங்க, அளவைப் பார்ப்போம். வேற யாரிடம் திறக்காத பைல் இருந்தாலும் வரிசையாக வாங்க. பாஸ்வேர்டை மட்டும் என்கிட்ட சொல்லாதீங்க, நீங்களே அடிங்க.