சென்னையில் ஒரே ஒரு தாம்பரத்துக்காரர்

தாம்பரத்தில் கடற்கரை வண்டிக்குக் காத்து நிற்கும்போது, தலைக்கு மேலே போகும் கம்பியை ஒருமுறை அண்ணாந்து பாருங்கள். 25,000 வோல்ட், திசை மாறி மாறிப் பாயும் மின்சாரம். 1931-இல் இந்தத் தடத்தில் மின்ரயில் வந்தபோது அப்படியில்லை. ஒரே திசையில் பாயும் 1,500 வோல்ட் கம்பியிலேயே வந்தது. இன்றோ, திசையைச் சீர்படுத்துவது வண்டிக்குள் இருக்கும் சிலிக்கன்.

சுத்தமான சிலிக்கனா? அது இந்த வேலைக்கு ஆகாது. அதில் ஒவ்வோர் அணுவும் தன் நாலு வெளி எலக்ட்ரான்களாலும் அக்கம்பக்கத்தோடு கைகோத்து நிற்கும். மின்சாரத்தைச் சுமக்க ஆள் கிடைப்பது அரிது. அதனால்தான் அதில் வேறு அணுக்களைக் கொஞ்சம் கலக்கிறார்கள். பாஸ்பரசுக்கு வெளி எலக்ட்ரான் ஐந்து, கைகோத்தது போக மிச்சமுள்ள ஒன்று ஊர்சுற்றக் கிளம்பிவிடும். போரானுக்கு மூன்றுதான், ஓரிடம் காலி. பக்கத்து எலக்ட்ரான் அதில் வந்து உட்கார்ந்தால், அது எழுந்துவந்த இடம் காலி. இப்படிக் காலியிடமே நகர்ந்துகொண்டு போகும். பாடப்புத்தகத்தில் இதற்குத் ‘துளை’ என்று பெயர்.

சரி, எவ்வளவு கலப்பது? 22 காரட் நகையில் 24-க்கு 2 பங்கு வேறு உலோகம். சிலிக்கனுக்கு அது மிக மிக அதிகம். 2011 கணக்கெடுப்பில் சென்னை மாநகர மக்கள் சுமார் 46 லட்சம். அத்தனை பேரும் சிலிக்கன் அணுக்கள். தாம்பரத்திலிருந்து போய் இறங்கிய ஒரே ஒருவர் பாஸ்பரஸ் என்று வையுங்கள். அந்த விகிதத்தில் கலந்தாலே, ஓடியாடும் எலக்ட்ரான்கள் ஏறக்குறைய பத்து லட்சம் மடங்கு பெருகிவிடும். எத்தனை முறை போட்டுப் பார்த்தாலும் எனக்கு மலைப்பாகவே இருக்கிறது.

இந்த அளவு பிடிபடாத காலத்தில் ஒரு துண்டு சிலிக்கன் போல இன்னொன்று இருக்காது. அதே 1931-இல் இயற்பியல் மேதை பௌலி, சிலிக்கன் போன்ற குறைக்கடத்தி அழுக்குப் பிடித்த சமாசாரம், அதில் கைவைக்க வேண்டாம் என்று சக இயற்பியலாளர் பையர்ல்ஸுக்குக் கடிதமே எழுதினார். அவரைக் குறை சொல்ல முடியாது.

1940-இல் அமெரிக்காவின் பெல் ஆய்வுக்கூடத்தில் ரஸ்ஸல் ஓல் சோதித்த சிலிக்கன் துண்டு ஒன்று, வெளிச்சம் பட்டதும் மின்னழுத்தம் காட்டியது. உருகி உறைந்தபோது அதன் ஒரு பாதியில் ஒரு மாசும் மறுபாதியில் வேறொன்றும் தாமாகவே ஒதுங்கியிருந்தன. இரண்டும் சந்திக்கும் எல்லையை மின்சாரம் ஒரு திசையில்தான் எளிதாகத் தாண்டும். நம் ரயிலுக்கு வேண்டியதும் அதுதானே! மாசு எது என்று கருவிகளால் காட்ட முடியவில்லை. சிலிக்கனை அறுத்தபோது கிளம்பிய வாடையை வைத்துத்தான், ஒரு பாதியில் இருப்பது பாஸ்பரஸ் என்று அங்கிருந்த உலோகவியலாளர்கள் மோப்பம் பிடித்தார்கள்.