வீட்டில் தொடங்கும் அளவைக் கல்வி

(திருவனந்தபுரத்தில் மாணவர்களும் அரசு அலுவலர்களும் கூடிய கூட்டத்தில் ஆற்றிய உரை)



அளவைகளைப் பற்றிப் பேச முற்படும்போது என் பாட்டியின் நினைவு வருகிறது. நான்கு நாழி ஓர் இடங்கழி, பத்து இடங்கழி ஒரு பறை என்னும் வாய்பாட்டை அவர் எழுதிப் படித்தவரல்லர். ஆயினும், குவிந்து கிடக்கும் நெல்லைப் பார்த்த மாத்திரத்தில் இத்தனை பறை தேறும் என்பார்; அளந்தால் பெரிதும் பிசகாது.

1957 ஏப்ரல் 1 அன்று தசம நாணயமும், 1956-ஆம் ஆண்டுச் சட்டத்தின்படி 1958 அக்டோபர் முதல் படிப்படியாக மெட்ரிக் எடைகளும் நம் நாட்டில் நடைமுறைக்கு வந்தன. கணக்கு எளிதாயிற்று. ஆனால், புதிய அளவைகள் கண்ணுக்கும் கைக்கும் பழகினவா என்பது வேறு கேள்வி. பத்திரத்தில் 'ஆர்' என்று எழுதிவிட்டு, வீட்டில் 'சென்ட்' என்றே பேசுகிறோம். பவன் கணக்கைப் பற்றி இங்குச் சொல்லவே வேண்டாம்!

இதன் விளைவை நான் பணியிலேயே கண்டேன். பல ஆண்டுகளுக்கு முன், அரை ஏக்கர் பரப்பும் 2 மீட்டர் ஆழமும் கொண்ட ஊர்க்குளம் ஒன்றைப் பற்றிய குறிப்பில், அதன் கொள்ளளவு 4 கோடி லிட்டர் என்று எழுதினேன். உண்மையில் அது 40 லட்சமே. கோப்பு மூவர் கை மாறியது, எவருக்கும் உறுத்தவில்லை. ஊர்ப் பெரியவர் ஒருவர்தாம், "அவ்வளவு நீர் நிற்கத் தென்னை உயரத்திற்கல்லவா ஆழம் வேண்டும்?" என்றார். பெருக்கலில் ஒரு பூஜ்யம் கூடிவிடுவது இயல்பு. கூடியது எங்கள் கண்ணில் படாமற்போனதே குறை.

இந்தக் கண்ணைத் திறப்பதற்குப் பள்ளியைக் காட்டிலும் வீடே ஏற்ற இடம் என்பது என் கருத்து. குழந்தை முதலில் மதிப்பிட்டுச் சொல்ல வேண்டும்; பிறகே அளக்க வேண்டும். இவ்வரிசை மாறினால் பயனில்லை. விடை தவறினால் கடிந்துகொள்வதும் கூடாது. அடுத்த முறை குழந்தை வாய் திறவாது. என் பேத்திக்கு வயது 8. குளியலறை வாளி 5 லிட்டர் பிடிக்கும் என்றாள். லிட்டர் பாட்டிலால் நிரப்பினோம், 16 ஆயிற்று. அடுத்து, அண்டாவுக்கு 20 என்றாள், அளந்தபோது 22.

இடவப்பாதி மழை தொடங்கியதும் அடுத்த பாடம். ஒரு சதுர மீட்டரில் பெய்யும் ஒரு மில்லிமீட்டர் மழை, ஒரு லிட்டர் நீராகும். நேரான சுவருள்ள டப்பா ஒன்றை இரவில் முற்றத்தில் வைத்து, காலையில் அளவுகோலை நிறுத்திப் பார்த்தோம், 25 மில்லிமீட்டர். எங்கள் கூரை 80 சதுர மீட்டர். கூரையில் விழுந்த நீர் எவ்வளவு இருக்கும் என்றேன். "பத்து வாளி" என்றாள். தாளில் பெருக்கியபோது 2,000 லிட்டர், அதாவது 125 வாளி என்று வந்தது. சிறிது நேரம் பேசாதிருந்தவள், "அத்தனையும் எங்கே போயிற்று, தாத்தா?" என்று கேட்டாள்.

இப்போது கூரை நீரைத் தொட்டிக்குக் கொண்டுசெல்லும் குழாயின் நீளத்தை மதிப்பிட்டுக்கொண்டிருக்கிறோம். அவள் 7 மீட்டர் என்கிறாள். நான் 9 என்கிறேன். இன்னும் அளக்கவில்லை.