மீன் நோயுற்றால் முதலில் நீரைப் பாருங்கள்

(தோட்டக் குடும்பத்தாருக்கு ஆற்றிய உரை)

 

தோட்டப்புற வீடுகள் பலவற்றின் முன்கூடத்தில் இன்று ஒரு கண்ணாடித் தொட்டியைக் காண்கிறோம். கப்பி, தங்கமீன், சண்டை மீன் ஆகியவை அதில் நீந்துகின்றன. இது நல்லதொரு பொழுதுபோக்கு. ஓர் உயிரைப் பேணும் பொறுப்பைப் பிள்ளைகளுக்குக் கற்றுத் தரும் பயிற்சியும் ஆகும். ஆனால் ஒரு நாள் மீன் உணவை நாடாமல் மூலையில் ஒதுங்கி நிற்கிறது. உடனே கடைக்கு ஓடி, நீலம், மஞ்சள், பச்சை என்று மூன்று புட்டி மருந்துகளை வாங்கி வந்து ஊற்றுகிறோம். மூன்றாம் நாள் தொட்டி காலியாகிவிடுகிறது. காசும் போயிற்று, பிள்ளையின் முகமும் வாடிற்று. இந்த இழப்பைத் தவிர்க்கும் வழியை எடுத்துரைப்பதே இன்றைய என் உரையின் நோக்கம்.

மரம் சீவும் உங்களுக்கு ஓர் உண்மை நன்கு தெரியும். பால் வற்றிய மரத்தை மேலும் ஆழமாகச் சீவினால் பால் பெருகுவதில்லை, பட்டைதான் காயமடைகிறது. மரத்திற்கு ஓய்வு கொடுத்துக் காரணத்தைத் தேடுகிறோம். நோயுற்ற மீனிடத்தும் அதே பொறுமை வேண்டும்.

வீட்டுத் தொட்டியில் மீன் வாடுவதற்குப் பெரும்பாலும் காரணமாவது நீர்தான். மீனின் கழிவிலிருந்தும், உண்ணாமல் எஞ்சிய உணவிலிருந்தும் அம்மோனியா என்னும் நச்சுப்பொருள் உண்டாகிறது. வடிகட்டியிலும் மணலிலும் வாழும் நல்ல நுண்ணுயிர்கள் அம்மோனியாவை நைட்ரைட்டாகவும், பின்னர் நைட்ரைட்டை அவ்வளவாகத் தீங்கு செய்யாத நைட்ரேட்டாகவும் மாற்றுகின்றன. இந்த நுண்ணுயிர்கள் புதுத் தொட்டியில் நிலைபெற நான்கு முதல் ஆறு வாரங்கள் வரை ஆகும். வாங்கிய அன்றே பத்து மீன்களை விட்டால் அவை தம் கழிவிலேயே மூச்சுத் திணறுவதில் வியப்பில்லை.

மீன்கள் நீர்மட்டத்திற்கு வந்து வாயைத் திறந்து திறந்து மூடினால், செவுள் விரைவாக அசைந்தால், அது பெரும்பாலும் நச்சு நீரின் அறிகுறி அல்லது உயிர்க்காற்றுக் குறைவின் அறிகுறி. நீர் சூடாகச் சூடாக அதில் கரைந்துள்ள உயிர்க்காற்று குறையும் என்பதையும் நினைவில் கொள்ளுங்கள். சண்டை மீன் மட்டும் இதற்கு விலக்கு. அது மேலே வந்து காற்றை நேராகச் சுவாசிக்கும் இயல்புடையது. அதை நோயென்று மயங்க வேண்டாம்.

ஆகவே முதற்கடமை, நீரில் நான்கில் ஒரு பங்கை வெளியேற்றிப் புதுநீர் சேர்ப்பதாகும். குழாய் நீரில் குளோரின் கலந்திருக்கும். அகன்ற வாளியில் ஓரிரவு வைத்திருந்தால் அது நீங்கும். ஆனால் சிங்கப்பூரில் குழாய் நீரில் சேர்க்கப்படும் குளோரமின் அவ்வாறு நீங்குவதில்லை. அங்குள்ளோர் குளோரமினையும் போக்கும் மருந்தைக் கடையில் கேட்டு வாங்கிச் சேர்த்தல் வேண்டும். இரண்டு நாட்களுக்கு உணவு கொடுக்காதீர்கள். வளர்ந்த மீன் அதனால் சாவதில்லை. காற்றுக் குழாயை இடைவிடாது ஓட விடுங்கள். வடிகட்டியின் பஞ்சைக் குழாய் நீரில் கழுவாதீர்கள். கழுவினால் நல்ல நுண்ணுயிர்கள் மடியும். தொட்டியிலிருந்து எடுத்த பழைய நீரிலேயே அலசுங்கள். இவ்வளவு செய்த பின் பல மீன்கள் மருந்தின்றியே தேறிவிடும்.

நீரைச் சரிசெய்த பின்னும் நோய் தெரிந்தால் அதன் அடையாளத்தைக் கூர்ந்து நோக்குங்கள். உடலிலும் துடுப்பிலும் உப்புத் தூவியதுபோல் வெண்புள்ளிகள் இருந்தால், அது வெண்புள்ளி நோய். ஒரு நுண்ணிய ஒட்டுண்ணியால் வருவது. அந்த ஒட்டுண்ணி மீனின் தோலுக்கடியில் தங்கி வளர்ந்து, பின்பு அடியில் விழுந்து, நூற்றுக்கணக்கான குஞ்சுகளாகப் பிரிந்து, மீண்டும் மீனைத் தேடுகிறது. நம் நாட்டு வெப்பத்தில் ஒரு வாரத்திற்குள்ளாகவே இச்சுற்று முடிந்துவிடும். தோலுக்கடியில் இருக்கும்போது மருந்து அதனைத் தீண்டாது. நீரில் நீந்தும் குஞ்சைத்தான் கொல்லும். எனவே புள்ளிகள் மறைந்தவுடன் மருந்தை நிறுத்துவது பெருந்தவறு. கடைசிப் புள்ளி மறைந்த பின்னும் ஒரு வாரம் தொடர்தல் வேண்டும்.

துடுப்பின் ஓரம் கிழிந்து வெளுத்துக் கரைந்து வந்தால், அது துடுப்பழுகல். பஞ்சு போன்ற வெண்படலம் புண்ணின்மேல் படர்ந்தால், அது பெரும்பாலும் பூஞ்சணம். இவ்விரண்டும் அழுக்கு நீரிலும் காயத்திலும் பற்றுபவை. தூய நீரே இவற்றுக்கு முதல் மருந்து; உப்பு துணை மருந்து. பத்து லிட்டர் நீருக்கு இரண்டு தட்டையான தேக்கரண்டி உப்பை வேறொரு பாத்திரத்தில் கரைத்துச் சிறிது சிறிதாகச் சேர்க்கலாம். நைட்ரைட்டின் நஞ்சு மீனின் இரத்தத்தில் ஏறாமல் தடுப்பதிலும் உப்பு உதவுகிறது. ஆனால் செதிலில்லாத கெளுத்தி இன மீன்களும் நீர்ச்செடிகளும் உப்பை நன்கு தாங்குவதில்லை. நோயுற்ற மீனைத் தனி வாளிக்கு மாற்றி அங்கே சிகிச்சை செய்வதே சிறப்பு.

கடை மருந்து வேண்டியிருந்தால் அளவறிந்து இடுங்கள். தொட்டியின் நீளம், அகலம், நீரின் உயரம் மூன்றையும் சென்டிமீட்டரில் பெருக்கி 1,000-ஆல் வகுத்தால் லிட்டர் கிடைக்கும். 60 சென்டிமீட்டர் நீளமும் 30 சென்டிமீட்டர் அகலமும் உள்ள தொட்டியில் 25 சென்டிமீட்டர் உயரத்திற்கு நீர் இருந்தால், அது 45 லிட்டர். ஒரே வேளையில் இரண்டு மருந்துகளைக் கலக்காதீர்கள். வடிகட்டியில் கரி இருந்தால் அதை எடுத்துவிடுங்கள். கரி மருந்தை உறிஞ்சிக்கொள்ளும். மனிதருக்கான நோய்க்கொல்லி மாத்திரைகளைப் பொடித்துத் தொட்டியில் போடும் பழக்கம் வேண்டவே வேண்டாம். மருந்துக்கு அடங்காத கிருமிகள் பெருக அது வழிவகுக்கும்.

நம் வாழ்விடத்திற்கே உரிய சில ஆபத்துகளும் உண்டு. டிங்கி காய்ச்சலைத் தடுக்கக் கொசுப்புகை அடிக்கும் நாளில் தொட்டியை முழுவதும் மூடிக் காற்றுக் குழாயை நிறுத்தி வையுங்கள்; அம்மருந்து மீனுக்குக் கொடிய நஞ்சு. புகை கலைந்ததும் மறவாமல் குழாயைத் திறந்துவிடுங்கள். களைக்கொல்லி இருந்த தகரத்தையோ பீப்பாயையோ எக்காலத்திலும் மீனுக்குப் பயன்படுத்தாதீர்கள். மருந்து தெளித்துவிட்டு வந்த கையைச் சோப்பிட்டுக் கழுவாமல் தொட்டிக்குள் விடாதீர்கள்.

உங்கள் கையையும் காத்துக்கொள்ளுங்கள். மீனின் காசநோய்க்குக் காரணமான ஒருவகைக் கிருமி, மனிதரின் தோலில் உள்ள காயத்தின் வழியே நுழைந்து, பல வாரங்கள் ஆறாத புண்ணையும் கட்டியையும் உண்டாக்கும். சீவும் கத்தியைப் பிடிக்கும் கையில் சிறு வெட்டுகள் இருப்பது இயல்பே. ஆகவே காயமுள்ள கையை நீரில் விடாதீர்கள், கையுறை அணியுங்கள். குழாயை வாயால் உறிஞ்சி நீர் இறைக்காதீர்கள். ஆறாத புண் தோன்றினால் மருத்துவமனைக்குச் சென்று, மீன் வளர்ப்பதையும் மருத்துவரிடம் சொல்லுங்கள்.

வயிறு வீங்கிச் செதில்கள் சிலிர்த்து நிற்கும் மீன் பிழைப்பது அரிது. அதனை நீண்ட நாள் வதைப்பதைவிட அமைதியாக முடித்துவைப்பதே இரக்கம். ஒரு லிட்டர் நீரில் பத்துத் துளி கிராம்பு எண்ணெயை நன்கு குலுக்கிக் கலந்து, அதில் மீனை விட்டால் முதலில் அது மயங்கும்; செவுள் அசைவு நின்ற பின்னும் அரை மணி நேரம் அதிலேயே இருக்கட்டும். பிறகு மண்ணில் ஆழப் புதைத்துவிடுங்கள்.

நோயுற்ற மீனையோ, வேண்டாத மீனையோ கால்வாயிலும் ஆற்றிலும் விடவே கூடாது. தொட்டிக் கண்ணாடியின் பாசியை உறிஞ்சுவதற்காக வாங்கப்படும் தென் அமெரிக்க மீன் ஒன்றுண்டு. மலாய் மொழியில் ‘ஈக்கான் பண்டாராயா’ என்பர். இவ்வாறு வெளியே விடப்பட்ட அந்த இனம் இன்று கிள்ளான் ஆற்றில் பெருகிக் கிடக்கிறது. கரைகளைத் துளைத்து, நம் நாட்டு மீன்களின் இடத்தையும் உணவையும் கவர்ந்துகொள்கிறது. நோயுற்ற மீன் ஆற்றுக்குச் சென்றால் நோயும் உடன் செல்லும். அந்த ஆற்றில்தான் நம் அண்டை வீட்டார் தூண்டில் போடுகின்றனர் என்பதை எண்ணிப் பாருங்கள்.

மீன்கள் எல்லாம் இறந்துவிட்டால் தொட்டியை நீருடன் விட்டுவைக்காதீர்கள். ஏடீஸ் கொசு அதில் முட்டையிடும். மலேசியாவின் 1975-ஆம் ஆண்டு நோய் பரப்பும் பூச்சிகள் ஒழிப்புச் சட்டத்தின்படி அது குற்றமும் ஆகும்.

இறுதியாக ஒன்று. புதுமீன் வாங்கி வந்தால் இரண்டு முதல் நான்கு வாரங்கள் தனித் தொட்டியில் வைத்துப் பார்த்த பிறகே மற்றவற்றோடு சேருங்கள். வாரம் ஒருமுறை நான்கில் ஒரு பங்கு நீரை மாற்றுங்கள். இரண்டு மூன்று நிமிடங்களில் மீன் தின்று முடிக்கும் அளவே உணவிடுங்கள். மாலையில் ஐந்து நிமிடம் தொட்டியருகே அமர்ந்து, எந்த மீன் உண்கிறது, எது ஒதுங்குகிறது என்று பிள்ளைகளையே பார்த்துச் சொல்லச் செய்யுங்கள். பேசாத உயிரின் துன்பத்தைக் கண்டறியப் பழகும் பிள்ளை, நாளை மனிதரின் துன்பத்தையும் கண்டறியும்.