தர்மச் சொத்தும் ஊர்ச் சபையும்

(செட்டிநாட்டுக் கூட்டுறவுச் சங்க அங்கத்தினர் கூட்டமொன்றில் நிகழ்த்திய சொற்பொழிவு)



ஊருணியும் சத்திரமும் பாடசாலையும் இச்செட்டிநாட்டு ஊர்களுக்குப் புதியவை அல்ல. அவற்றுள் பல, முன்னோர் தேடிய பொருளில் ஒரு பகுதியை ஒதுக்கி வைத்த தர்மங்களாகும். அத்தர்மச் சொத்தை ஊர்ச் சபையே நிர்வகிப்பது நன்றா, தனித் தர்மகர்த்தர்களிடம் ஒப்புவிப்பது நன்றா என்பதே இன்று நாம் ஆராய வேண்டிய விஷயம்.

ஊர்ச் சபையின் வேலை வேறு, தர்மத்தின் வேலை வேறு. சபையானது வரி வாங்கி, அவ்வவ்வாண்டின் தேவைக்கேற்பச் சாலைக்கும் விளக்குக்கும் செலவிடுவது. தர்மமோ, அதனை வைத்தவர் குறித்த ஒரே காரியத்துக்கு உரியது. இரண்டும் ஒரே பெட்டியில் இருந்தால், நேர்மையானவர்கள் கையிலும் தவறு நேரும். ஊருணி தூர் எடுக்க வைத்த பணத்தை இவ்வாண்டு தெருவிளக்குக்கு எடுப்பர். அடுத்த ஆண்டு திருப்பி வைப்போம் என்பர். அதற்குள் தேர்தல் வரும், சபை மாறும், ஊருணியோ தூர்ந்தபடியே கிடக்கும். இதில் திருடன் ஒருவனும் இல்லை. ஆயினும் தர்மம் கெட்டது.

நம் மாகாணத்தின் வரலாற்றைப் பார்ப்போம். 1817-ஆம் ஆண்டு ஏழாவது ரெகுலேஷன்படி கோயில், சத்திரம் முதலிய தர்மங்களின் மேற்பார்வையை ரெவினியூ போர்டார் ஏற்றனர். 1863-ஆம் ஆண்டு இருபதாவது சட்டத்தால் சர்க்கார் கோயில் நிர்வாகத்தினின்று விலகியது. சத்திரங்களில் பல பின்னர் ஸ்தல ஸ்தாபனங்களின் வசம் வந்தன; தஞ்சை மராட்டிய மன்னர் வைத்த சத்திரங்களும் அவ்வாறே ஜில்லா போர்டின் பொறுப்பில் இருந்தன. அப்போர்டுகளின் கதி என்ன? தாலுகா போர்டுகள் 1930-களில் எடுபட்டன. ஜில்லா போர்டுகளும் 1958-ஆம் ஆண்டுச் சட்டங்களுக்குப் பின் மறைந்தன. நம் காரைக்குடியே 1928-இல் நகராட்சியாகி, 2024-இல் மாநகராட்சியாயிற்று. சபைகள் பிறக்கும், உருமாறும், மறையும். தர்மமோ அவற்றினும் நீண்ட ஆயுள் உடையதாய் இருத்தல் வேண்டும்.

இங்கிலாந்து தேசத்திலும் இக்குறை இருந்தது. அங்கே நகர சபைகளிடம் இருந்த தர்மப் பணம் கட்சிக்கு ஆள் சேர்க்கவும் ஓட்டு வாங்கவும் பயன்படுகிறதென்ற புகார் எழுந்தது. 1835-ஆம் ஆண்டு நகர சபைச் சட்டத்தில் பார்லிமெண்டார் தர்மங்களைச் சபைகளினின்று பிரித்து, அவற்றுக்குத் தனி தர்மகர்த்தர்களை நியமிக்க வழி செய்தனர். நம்மவரிடையிலும் இம்முறை புதிதன்று. காசியிலுள்ள நாட்டுக்கோட்டை நகரச் சத்திரம், ஊர்தோறும் உள்ள நகரங்களினின்று வேறான ஒரு நிர்வாகச் சங்கத்தின் பொறுப்பில் நடந்து வருவதை நீங்கள் அறிவீர்கள்.

ஆனால் பிரித்துவிட்டால் மட்டும் போதுமென்று எண்ணலாகாது. 1863-ஆம் ஆண்டுச் சட்டம் கோயில்களுக்குக் கமிட்டிகளை ஏற்படுத்தி, அங்கத்தினர் பதவியை ஆயுட்காலம் வரை அளித்தது. கேட்பார் இல்லாத இடத்தில் ஒழுங்கு தளர்ந்தது. 1925-ஆம் ஆண்டில் இந்து மத தர்ம பரிபாலனச் சட்டம் பிறந்ததற்கு இத்தளர்ச்சியும் ஒரு காரணம். ஆகவே சபையின் கையினின்று தர்மத்தை விடுவிப்பது அவசியம். ஊரின் கண்ணினின்று அதனை மறைப்பது அநியாயம்.

கூட்டுறவாளராகிய உங்களுக்கு இது எளிதில் விளங்கும். 1912-ஆம் ஆண்டுக் கூட்டுறவுச் சட்டம் நிகர லாபத்தில் நாலில் ஒரு பங்கைச் சேமநிதிக்கு ஒதுக்கச் செய்தது. மீதியில் நூற்றுக்குப் பத்துக்கு மேற்படாத தொகையை மட்டுமே தர்ம காரியத்துக்குக் கொடுக்க அனுமதித்தது. ஒவ்வொரு காசுக்கும் ஒரு பெயர் உண்டு என்பதே அதன் கருத்து.

அதே ஒழுங்கைத் தர்மத்திலும் கொணர்வதற்குச் சில வழிகள் உண்டு. தர்மத்தின் நோக்கத்தையும் சொத்துக்களையும் தெளிவாக எழுதிய பத்திரம் பதிவாக வேண்டும். பாங்கிக் கணக்கும் பேரேடும் தனியாக இருத்தல் வேண்டும். சபைப் பிரதிநிதி ஒருவர் தர்மகர்த்தர்களுள் இருக்கலாம், பெரும்பான்மை சபையாருடையதாகலாகாது. பதவிக்குக் காலவரையறை வேண்டும். தர்ம நிலத்தைப் பகிரங்க ஏலத்திலேயே குத்தகைக்கு விடவேண்டும். சபைக்குக் கைமாற்றுக் கொடுத்தல் கூடவே கூடாது. ஆண்டுக்கொரு முறை தணிக்கையான கணக்கை ஊரார் முன் படித்துக் காட்டவேண்டும்.

இவற்றை மீறுவோரைக் கேட்கச் சட்டமும் உண்டு. பொதுத் தர்மத்தில் அக்கறையுள்ள இருவர் அல்லது அதற்கு மேற்பட்டவர், கோர்ட்டின் அனுமதி பெற்று, சிவில் நடைமுறைச் சட்டம் 92-ஆவது பிரிவின்படி வழக்குத் தொடரலாம். எனினும் வழக்குக்குப் போகும் தர்மம் செலவால் பாதி தேய்ந்துவிடும். கணக்கை ஆண்டுதோறும் கேட்கும் ஊருக்கு அந்நிலை வாராது.

ஆதலின் அங்கத்தினர்களே, நீங்கள் ஊர் திரும்பியதும் உங்கள் ஊருணிக்கும் சத்திரத்துக்கும் உரிய பத்திரம் எங்கே, கணக்கு யார் கையில் என்று விசாரியுங்கள். விடை உடனே கிடைக்கவில்லையானால், வேலை தொடங்கவேண்டிய இடம் அதுவே.