உத்தரத்துக்கு எந்த மரம்?

(முன்னாள் மாணவர் சந்திப்பில் ஆற்றிய உரை)

கான்கிரீட் காலத்தில் இவன் மரத்தைப் பற்றிப் பேச வந்துவிட்டானே என்று நினைக்காதீர்கள். பழைய மெட்ராஸ் டெரஸ் வீடுகளைப் பழுது பார்க்கும் வேலை இன்றைக்கும் வருகிறது. அங்கே தளத்தைத் தாங்கி நிற்பது மர உத்தரங்கள்தான்.

வீட்டுக்காரர் எடுத்த எடுப்பில் சொல்வது, "சார், தேக்கே போட்டுடுங்க." தேக்கு நல்ல மரம்தான். கரையான் சுலபத்தில் அண்டாது, அதிகம் சுருங்காது, முறுக்காது. கதவு, ஜன்னலுக்கு அதை அடிச்சுக்க ஆளில்லை. ஆனால் வளையாமல் பாரம் தாங்குவதில் சால் மரம் அதை மிஞ்சும். அதோடு, பெயர் பாதி விஷயம்தான். ஐ.எஸ். 883 ஒரே மரத்தையே செலக்ட், கிரேடு 1, கிரேடு 2 என்று பிரிக்கிறது. கிரேடு 1-க்கு 100 பங்கு தகைவு என்றால் செலக்டுக்கு 116, கிரேடு 2-க்கு 84. ஆக, ஒவ்வொரு துண்டையும் புரட்டிப் பார்த்தாக வேண்டும்.

முக்கியமாக நார் ஓட்டம். கிரேடு 1-இல் 15 அங்குல நீளத்துக்கு 1 அங்குலத்துக்கு மேல் நார் சாயக் கூடாது. கண்ணுக்குப் பிடிபடவில்லையா? காய்ந்த வெடிப்புகள் போகும் திசையைப் பாருங்கள், நாரும் அப்படித்தான் போகும்.

ஒரு வீட்டுக்கு "முதல் தரம்" என்று பில் போட்டு வந்த கட்டைகளில் இரண்டைத் திருப்பி அனுப்பினேன். கடைக்காரருக்குக் கோபம். "பர்மா தேக்கு சார், இதைப் போயி..." என்றார். ஒன்றில் நார் 8 அங்குலத்துக்கு 1 அங்குலம் சாய்ந்திருந்தது. பாரம் ஏறினால் அந்தச் சாய்விலேயே பிளக்கும். இன்னொன்றில் ஓரம் முழுக்க வெளிறு. வீட்டுக்கார அம்மா, "பெயிண்ட் அடிச்சா தெரியாதேப்பா" என்றார். "நமக்குத் தெரியாதும்மா, பூச்சிக்குத் தெரியுமே" என்றேன். அந்த உத்தரத்துக்கு அடியில்தான் அவருடைய பேரப் பிள்ளைகள் படுத்துத் தூங்குவார்கள்.

கணு இருந்தாலே ஒதுக்க வேண்டும் என்பதில்லை. நடு நீளத்தில், அடி ஓரத்தில் இருப்பதுதான் ஆபத்து. இழுவிசை அங்கேதான் அதிகம். சின்னக் கணு என்றால் கட்டையைப் புரட்டி, கணு மேலே வரும்படி வைக்கலாம்.

தம்பிகளுக்கு ஒரு கணக்கு. 4-க்கு 6 அங்குலக் கட்டையைப் படுக்க வைக்காமல் நிறுத்தி வைத்தால் வலிமை ஒன்றரை மடங்கு, விறைப்பு இரண்டேகால் மடங்கு. பைசா செலவில்லை!

பழைய உத்தரம் என்றால் சுவருக்குள் புதைந்த நுனியைத்தான் முதலில் பார்ப்பேன். வெளியே வைரம் பாய்ந்து கிடக்கும், உள்ளே ஈரத்தில் உளுத்திருக்கும். ஸ்க்ரூடிரைவரால் குத்திப் பாருங்கள். புதுசு வைக்கும்போது நுனியைச் சுற்றிக் காற்றோட இடைவெளி விடச் சொல்லுங்கள். மேஸ்திரி கலவை வைத்து அடைக்கத்தான் பார்ப்பார், கூடவே நில்லுங்கள்.