குதிரை கிடைக்காத படை



கம்ப்யூட்டரில் போர் விளையாட்டு ஆடுகிறேன் என்று எங்கள் நெய்க்காரப்பட்டியில் யாரிடம் சொன்னாலும், உடனே வரும் கேள்வி, “எவ்வளவு விட்டே?” என்பதுதான். ரம்மி செய்துவைத்த வேலை அது. பணம் கட்டி ஆடிக் குடும்பங்கள் பட்ட பாட்டுக்குப் பிறகுதான் 2023இல் தமிழ்நாட்டில் இணையச் சூதாட்டத் தடைச் சட்டம் நடைமுறைக்கு வந்தது. அந்தப் பயம் நியாயமானது. நான் பேச வந்தது வேறொன்றைப் பற்றி. சரித்திரத்தைக் களமாக வைத்து, இணையத்தில் கூட்டாளிகளோடு ஆடும் படை விளையாட்டுகள் கொஞ்ச காலமாக என் இரவுகளை எடுத்துக்கொண்டிருக்கின்றன. இதைக் கலை என்றே சொல்வேன். அதை எடைபோட நான் வைத்திருக்கும் அளவு ஒன்றுதான்: எது கிடைக்காது என்பதை அந்த விளையாட்டு நமக்கு உணர்த்துகிறதா? வாள் வீச்சு எல்லா விளையாட்டிலும் இருக்கிறது. தட்டுப்பாட்டைக் காட்டுவதுதான் அரிது.

‘ஏஜ் ஆஃப் எம்பயர்ஸ்’ விளையாட்டின் இரண்டாம் பாகம் 1999இல் வந்தது. இன்றும் உலகம் முழுக்க ஆடுகிறார்கள். கையில் சில குடியானவர்களோடு தொடங்கி, விறகு வெட்டி, வயல் போட்டு, பொன் தோண்டி, பிறகு படை திரட்ட வேண்டும். ஒரு குடியானவனை உருவாக்கவே 50 பங்கு உணவு செலவாகும். இதில் நெடுநாள் நம் நாடு முழுவதும் ‘இந்தியர்’ என்ற ஒரே குடியாகத்தான் இருந்தது. 2022 ஏப்ரலில் அதை நான்காகப் பிரித்தார்கள். தெற்கே நமக்குத் ‘திராவிடர்’ என்று ஒரு குடி கிடைத்தது. ராஜேந்திர சோழன் பெயரில் ஒரு படையெடுப்புத் தொடரும் வந்தது. வீரனைச் சொடுக்கினால் தமிழில் பதில் சொல்கிறான். முதல் தடவை கேட்டபோது எனக்கு உடம்பு சிலிர்த்தது.

ஆனால் நான் மெச்சுவது அந்தக் குரலைவிட, திராவிடருக்கு அவர்கள் கொடுக்காமல் விட்ட ஒன்றை. மற்ற குடிகள் பலவற்றுக்கும் கவசம் பூட்டிய கனத்த குதிரைப்படை உண்டு. நமக்கு அது கிடையாது. அதற்கு ஈடாகக் காலாட்படைக் கூடத்தின் மேம்பாடுகள் பாதி விலையில் வருகின்றன, யானை வருகிறது, துறைமுகம் வலுவாகிறது. இந்த ஏற்பாட்டுக்குப் பின்னால் சரித்திரம் படித்த ஒருவர் இருக்கிறார். தமிழ்நாட்டு அரசர்களுக்குக் குதிரை கடல் கடந்து வந்த சரக்கு. 13ஆம் நூற்றாண்டின் இறுதியில் பாண்டிய நாட்டுக் கரைக்கு வந்த மார்க்கோ போலோ, ஆண்டுதோறும் கப்பல் கப்பலாகக் குதிரைகள் வந்திறங்கியதையும், வளர்க்கத் தெரியாமல் பெரும்பாலானவை மாண்டதையும் எழுதிவைத்திருக்கிறார். பாடப்புத்தகத்தில் இது ஒரு வரி. எதிரியின் குதிரைப்படை நம் வயலுக்குள் பாய்ந்து வரும்போது, தடுக்கக் கையில் ஈட்டிக்காரர்கள் மட்டுமே இருந்தால், அந்த ஒரு வரி வயிற்றைக் கலக்கும்.

உருக்கும் அப்படித்தான். நம் குடிக்கென்று உள்ள ஒரு தொழில்நுட்பத்தை அடைந்துவிட்டால், நம் வாள் எதிரியின் கவசத்தை ஊடுருவிப் போகும். நொய்யல் கரையில் கொடுமணல் அகழாய்வில் இரும்பையும் உருக்கையும் உருக்கிய உலைகளின் தடயம் கிடைத்ததே, அந்த அறிவின் வாரிசு இது. திராவிடர் படைக்குக் கொடுத்த சுருள்வாளை மட்டும் என்னால் ஒப்புக்கொள்ள முடியவில்லை. சிலம்பக் கூடத்திலும் களரியிலும் பார்க்க அழகான ஆயுதம்தான். அணிவகுத்து நிற்கும் படையில் அதைச் சுழற்றினால் பக்கத்தில் நிற்பவன்தான் முதலில் விழுவான்.

பெரிய குறை ஒன்றும் இருக்கிறது. இந்த விளையாட்டில் தண்ணீருக்குத் தட்டுப்பாடே இல்லை. 60 பங்கு விறகு கொடுத்தால் எந்த மேட்டிலும் வயல் விளையும். பாலாறு பொருந்தலாறு அணையில் எத்தனை அடி நிற்கிறது என்று பார்த்து நாற்று விடுகிற ஊர்க்காரனுக்கு இது பொறுக்குமா? ராஜேந்திரன் கங்கை வரை படை அனுப்பித் திரும்பியதும், அந்த வெற்றியின் அடையாளமாக வெட்டியது சோழகங்கம் என்ற ஏரி. வெற்றித்தூணாகவே ஏரியை நினைத்த ஓர் அரசனின் கதையில் ஏரி வெட்ட வழியில்லை என்பது, குதிரையைப் பற்றி அவ்வளவு யோசித்தவர்கள் செய்யக்கூடிய காரியமல்ல.

போர் விளையாட்டிலிருந்து கிளைத்த இன்னொரு வகை, பாத்திரமேற்று ஆடுவது. 1971இல் அமெரிக்காவில் ‘செயின்மெயில்’ என்று பொம்மை வீரர்களை வைத்து ஆடும் போர் விதிகள் வெளிவந்தன. படையை ஆள்வதற்குப் பதிலாக ஒரே ஒரு வீரனாக நடந்தால் என்ன என்று கேட்டு, 1974இல் ‘டஞ்சன்ஸ் அண்ட் டிராகன்ஸ்’ பிறந்தது. இன்றைய இணையப் பாத்திர விளையாட்டுகளுக்கெல்லாம் அதுதான் தாய்வீடு. இந்த வகையில் எனக்குப் பிடித்தது ‘குரூசேடர் கிங்ஸ்’. அதில் நீங்கள் ஒரு வம்சம். அரசன் செத்தால் வாரிசாக மாறி ஆட்டத்தைத் தொடர வேண்டும். 1066இல் தொடங்கினால் சோழநாட்டில் வீரராஜேந்திரன் காலம். உண்மைச் சரித்திரத்தில் அவன் மறைந்த கொஞ்ச நாளிலேயே மகன் அதிராஜேந்திரனும் மாண்டு, வேங்கியிலிருந்து குலோத்துங்கன் வந்து அரியணை ஏறினான். நல்ல வாரிசு கிடைப்பது குதிரை கிடைப்பதைவிடக் கடினம் என்று அந்த ஆட்டம் விடிய விடிய உட்காரவைத்துச் சொல்லித்தருகிறது.

நான் ஆடும் கம்ப்யூட்டர் விளையாட்டுகள் எல்லாம் தாராளமாக அள்ளிக் கொடுப்பது செய்தியை. சொடுக்கிய நொடியில் நூறு மைல் தள்ளி நிற்கும் படை திரும்புகிறது. 1824இல் பிரஷ்ய அதிகாரி ரைஸ்விட்ஸ் அமைத்த போர் விளையாட்டு இதைவிடக் கெட்டி. அதில் ஆணையை எழுதி நடுவரிடம் கொடுக்க வேண்டும். எதிரி எங்கே என்று நடுவர் சொல்லும் அளவுதான் தெரியும்.

இதன் அருமை திண்டுக்கல் பக்கத்து ஆட்களுக்குச் சட்டென்று புரியும். விருப்பாச்சி கோபால் நாயக்கர் பாளையக்காரர்களைக் கூட்டிச் சேர்த்து, 1800 ஜூனில் கோயம்புத்தூர்க் கோட்டையிலிருந்த கம்பெனிப் படையைத் தாக்கத் திட்டம் போட்டார். பல திசைகளிலிருந்து வரும் படைகள் ஒரே நேரத்தில் கூட வேண்டும். விருப்பாச்சியிலிருந்து கோவைக்கு நூறு கிலோமீட்டருக்கும் மேல். அந்தத் தாக்குதல் தோற்றது. பலரைத் தூக்கிலிட்டார்கள். மறு ஆண்டு கோபால் நாயக்கரையும் திண்டுக்கல்லில் தூக்கிலிட்டார்கள். சொன்ன நேரத்துக்குச் சொன்ன இடத்தில் எல்லோரும் வந்து சேர்வது எவ்வளவு பெரிய காரியம் என்பதை எந்தக் கம்ப்யூட்டர் விளையாட்டும் எனக்கு இன்னும் காட்டவில்லை.

ஏஜ் ஆஃப் எம்பயர்ஸில் நாமே களம் வரைந்து விதி எழுதும் வசதி இருக்கிறது. அந்த 1800ஐ வரையத் தொடங்கியிருக்கிறேன். திண்டுக்கல் மலைக்கோட்டை, பழனி மலைத்தொடர், விருப்பாச்சி எல்லாம் வந்தாயிற்று. ஆணை அனுப்பினால் இவ்வளவு நேரம் கழித்தே படை நகரும் என்று விதி எழுத வேண்டும். அதற்குப் பழைய ஒற்றையடிப் பாதைகள் தெரிந்தாக வேண்டும். பழனி மலையடிவாரத்தில் தலைச்சுமையோடு நடந்த பெரியவர்கள் இதைக் கேட்டுக்கொண்டிருந்தால், எந்த வழி, நடக்க எத்தனை நாழி, மழைக்காலத்தில் எந்த ஆறு மறிக்கும் என்று வானொலி நிலையத்துக்கு ஒரு கடிதம் போடுங்கள். அதை அப்படியே விதியில் சேர்க்கிறேன்.